கஞ்சனோட பெட்டியில என்ன வைக்கிறது

பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேர் 1668ல பாரிஸ்ல மேடையேத்துன கஞ்சன் நாடகத்த எங்க குழு தமிழ்ல எடுத்தப்போ பிராப்ஸ், அதாவது மேடையில நடிகருங்க கையாளுற சாமான், என் பொறுப்பு. கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஆர்பகோன்னு ஒரு பணக்காரர், பையன் லவ் பண்ற பொண்ணயே தான் கட்டிக்கணும்னு நிப்பார், மகள ஒரு வயசான ஆளு தலையில கட்டப் பாப்பார், ஏன்னா அவரு வரதட்சணை கேக்கல. யாரு என்ன நியாயம் சொன்னாலும் "வரதட்சணை இல்லாம!" இதான் பதில்.

இதுல பையன் புரோக்கர் வழியா ரகசியமா கடன் வாங்கப் போற சீன் இருக்கு. வட்டி 25 சதவீதம், கேட்டது 15,000 பிராங்க், கைக்கு வர்றது 12,000 தான், மிச்சத்துக்கு பழைய கட்டில், துப்பாக்கி, வைக்கோல் அடைச்ச பல்லித் தோல்னு ஒரு லிஸ்ட். டைரக்டர் இதெல்லாத்தையும் மேடையில குவிக்கலாம்னார், நான் வேணாம் சார்னு ஒத்தக்கால்ல நின்னேன். லிஸ்ட்ட படிக்க படிக்கத்தான் சிரிப்பு, பொருள கண்ணுல காட்டிட்டா அது வெறும் பழைய சாமான். கடைசியில கடன் குடுக்குற ஆளு அப்பாவேதான்னு தெரியும்போது அவங்க ரெண்டு பேரையும் தவிர மேடையில கண்ண இழுக்க வேற ஒண்ணும் இருக்கக் கூடாது, இது என் கட்சி.

மோதிரம்தான் உயிர எடுத்துச்சு. அப்பா விரல்ல இருந்து பையன் வைர மோதிரத்த உருவி அந்தப் பொண்ணுக்கு குடுத்துடுவான், அவரு பல்லக் கடிச்சிட்டு நிக்கணும். லூசா இருந்தா முன்னாடியே விழும், டைட்டா இருந்தா உருவுறதுக்குள்ள காமெடி செத்துரும். உள்பக்கம் மெழுகு தடவி சமாளிச்சோம்.

அப்புறம் பெட்டி. தோட்டத்துல புதைச்ச 10,000 தங்கக் காசு. காலிப் பெட்டிய தூக்குனா மணிக்கட்டே காட்டிக் குடுத்துரும், எவ்வளவு பெரிய நடிகரா இருந்தாலும் சரி. அதனால உள்ள செங்கல் வச்சு துணியால இறுக்கிக் கட்டுனேன். அதத் திருடிட்டு வர்ற வேலைக்காரனா நடிச்சவர் ரிகர்சல் பூரா என்ன திட்டுனார், ஆனா அப்பாகிட்ட அது திரும்பி வரும்போது அவரு கை தானா கீழ எறங்கும் பாருங்க, அத யாரும் சொல்லிக் குடுக்கல. கடைசியில பையன், மகள் ரெண்டு பேரோட கல்யாணத்துக்கும் ஓகே சொல்லிட்டு, செலவு உங்களுது, எனக்கு புதுத் துணியும் எடுத்துக் குடுக்கணும்னு சம்பந்திகிட்ட பேரம் பேசறவரு, அந்தக் கனத்தோடதான் பேசணும்.