120 அடி ஆழம்

ஆகஸ்ட் 6, மன்னார்குடி

இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பின் முதல் இன்டர்னல் தாள்களைத் திருத்தி முடித்தேன். திரவ அழுத்தத்துக்கான சூத்திரத்தை வருவிக்கச் சொன்ன கேள்விக்கு ஏறக்குறைய எல்லாருமே முழு மதிப்பெண். நான் போர்டில் போட்ட அதே படம், அதே வரிகள். மூன்றாவது வரியில் நான் ஒரு சமக்குறியை விட்டிருந்தேன் போலிருக்கிறது. பாதிப் பேர் தாளிலும் அது இல்லை. பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அந்த ஒரு சமக்குறி இன்று என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகஸ்ட் 7

நோட்டை மூடச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். மேட்டூர் அணையில் 120 அடி ஆழத்தில் ஓர் இடம். இன்னொரு பக்கம், நாலு அங்குலக் குழாயை நட்டுக்குத்தாக நிறுத்தி 120 அடிக்குத் தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். எங்கே அழுத்தம் அதிகம்?

முக்கால்வாசிக் கைகள் அணைக்குத் தூக்கப்பட்டன. “அங்க 93 டிஎம்சி நிக்குது மேடம், குழாயில என்ன இருக்கு?” என்றான் ஒருவன். அணை மட்டத்தைப் பேப்பரில் தினமும் பார்க்கும் வீட்டுப் பிள்ளை.

இரண்டு இடத்திலும் ஒரே அழுத்தம்தான். தண்ணீரால் வருவது மட்டும் சுமார் 3.5 வளிமண்டலம். ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் இந்த மூன்றைத் தவிர அந்தச் சூத்திரத்தில் வேறெதுவும் கிடையாது. அதைப் பிழையில்லாமல் எழுதிய கைகள்தான் அணைக்கு உயர்ந்தன.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மஸூருக்கும் இது நேர்ந்திருக்கிறது. கணக்கெல்லாம் போடத் தெரிந்த மாணவர்களிடம் நியூட்டன் விதிகள் பற்றி எளிய கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுத்தபோது, ‘நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா’ என்று ஒருவர் கேட்டாராம். அதற்குப் பிறகு, 1991 வாக்கில், அவர் வகுப்பையே மாற்றினார். முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அதன்பின் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். நானும் செய்து பார்க்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 19

மஸூர் முறை சரியாக வரவில்லை. கேட்டேன், அமைதி, நானே பதிலைச் சொல்லிவிட்டேன். மூன்று வகுப்பும் இப்படியே போயிற்று.

இன்று போனில் ஒலிப்பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டேன். “யாராவது சொல்லுங்க” என்பதற்கும் என் பதிலுக்கும் நடுவே ஒன்றரை விநாடிதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்புகளில் இதையே அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, தப்பானால் சிரிப்பார்களோ என்று பயந்து, அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும் என் மாணவர்கள். ஒன்றரை விநாடியில் எப்படி முடியும்? தலைப்பில் மதகைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும் முன்பே மூடியிருக்கிறேன், இத்தனை வருடமும்.

ஆகஸ்ட் 26

காலி பெயிண்ட் வாளி ஒன்று, மேல்பக்கம் வெட்டிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. இரண்டிலும் அடியிலிருந்து நாலு விரல்கடை உயரத்தில், சூடாக்கிய ஒரே ஆணியால் ஒரு துளை. ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி, துளைகளை விரலால் அடைத்து, மேசை ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எது தூரமாகப் பீய்ச்சும் என்று ஒவ்வொருவரும் அரைத்தாளில் எழுதினார்கள். தமிழிலேயே விவாதிக்கலாம், கடைசியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தேன். இரைச்சலைக் கேட்டு அடுத்த வகுப்பு சார் எட்டிப் பார்த்தார்.

நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து, ஆறு, ஏழு. திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் வரும் பெண், முதல் வருடத்திலிருந்து அவள் குரலை நான் கேட்டதே இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: “ரெண்டும் ஒண்ணாதான் மேடம் போவும். வாய்க்கால்ல மட்டம் எறங்குனா மடையில வேகம் கொறையும். வாய்க்கா எவ்வளவு அகலம்னு மடைக்கு எப்படித் தெரியும்?”

விரலை எடுத்தோம். இரண்டு தாரையும் தரையில் ஒரே கோட்டில் விழுந்தன. பாட்டிலில் மட்டம் சட்டென்று இறங்கியதால் அதன் தாரை பின்வாங்கியது. உடனே ஒருவன் மேலிருந்து ஊற்றத் தொடங்க, அது மறுபடி முன்னால் போய் வாளித் தாரையோடு சேர்ந்துகொண்டது. ஊற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. தரையெல்லாம் தண்ணீர். வகுப்பு முடிந்து நானும் இரண்டு பேரும் துடைத்தோம். மனசு நிறைந்திருந்தது.

செப்டம்பர் 9

நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி டிபார்ட்மென்ட்டுக்கு வந்து, “நீங்க நடத்துனா புரியுது மேடம், இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணும் படிக்காத மாதிரி இருக்கு” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. 2019-இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில் இதேதான் தெரியவந்தது: தாங்களே முட்டி மோதிப் படித்தவர்கள், குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள், ஆனால் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். தெளிவான விரிவுரை காதுக்குச் சுகம், அந்தச் சுகத்தைப் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறோம். அவளிடம் இதை விளக்கினேன். முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும்.

மூத்த சார் ஒருவருக்கு வேறு கவலை. பல்கலைத் தேர்வுக்கு 75 மதிப்பெண், ஐந்து யூனிட், எப்படி முடிப்பாய் என்கிறார். நியாயம்தான். 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றிருக்கிறார்கள், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 22 சதவீதம் என்பதைக் காட்டினேன். அரியர் வைத்துவிட்டுப் படிப்பையே நிறுத்திய பிள்ளைகளின் முகங்கள் எங்கள் இருவருக்குமே தெரியும். இரண்டாவது யூனிட்டின் வருவித்தல்களை நோட்ஸாகக் கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தைக் கேள்விகளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல யோசனை.

செப்டம்பர் 24

குறுவை அறுவடை. பாதி வகுப்பு காலி. புதுப் பாடம் எடுக்கவில்லை.

அக்டோபர் 15

காலையிலிருந்து மழை. வகுப்பு தொடங்கும் முன்பே திருத்துறைப்பூண்டிப் பெண் எழுந்து நின்றாள். “மேடம், கோடையில தண்ணி முப்பது அடிக்குக் கீழ போயிட்டா மேல வச்ச மோட்டார் வெறும் காத்தைத்தான் இழுக்குது. அஞ்சு எச்பி போட்டும் வரல. அப்பா மோட்டார் கோளாறுங்கறாங்க. மோட்டாரா, வேற எதுவுமா?”

சாக்பீஸைக் கையில் எடுத்தேன். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டேன். வகுப்பைப் பார்த்தேன், எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. ஜன்னல் பக்கம் மழைச் சத்தம் மட்டும்.

“மேடம்,” என்றான், 93 டிஎம்சி என்று ஆகஸ்டில் சொன்னவன், “மோட்டார் உள்ள இருக்குற காத்தைத்தான வெளியேத்துது? தண்ணிய மேல தள்ளுறது வெளிக்காத்துதானே? அதோட அழுத்தம் எத்தனை அடித் தண்ணிக்குச் சமம்னு போட்டுப் பாத்தா...”

நோட்டைத் திருப்பும் சத்தம் நாலைந்து பெஞ்சிலிருந்து ஒன்றாகக் கேட்டது.