சில்லறையில் சிக்கும் பழைய காசு

கேரள எல்லையில் வாளையாறு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டீக்கடைச் சில்லறை கிடைத்தால் முதலில் 5 ரூபாய்களைப் பிரித்துக் காந்தம் வையுங்கள். ஒட்டாத தடித்த வெள்ளைக் காசுதான் பழையது: 9 கிராம், செம்பு-நிக்கல். 2007-இன் எஃகுக் காசு 6 கிராம்தான், ஒட்டும்.

அடுத்து, எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்று பார்க்க ஆண்டுக்குக் கீழே லென்ஸ் வையுங்கள்: நட்சத்திரம் என்றால் ஐதராபாத், வைரம் மும்பை, வட்டப்புள்ளி நொய்டா. குறியே இல்லையா, கொல்கத்தா. அண்ணா, புனித அல்போன்சா, தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக் காசுகளைத் தனியே எடுத்துவிடுங்கள்.

வங்கிப் பை புதுசாக இருந்தால் பெரும்பாலும் ஒரே ஆண்டுக் காசுதான்; உண்டியல் சில்லறையே மேல். புளி போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு போகும், கூடவே விலையும். வைஷ்ணோ தேவி காசுக்கு லட்சம் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவன் திருடன். ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்தது.