ரெண்டு காப்பி அனுப்பிடுங்க ப்ரோ

கிருஷ்ணகிரியில் என் நண்பன் பம்பை, உடுக்கையை வைத்து ஒரு ஆல்பம் போட்டான். கம்பெனி எதுவும் கிடையாது. சொந்தக் காசு, கொஞ்சம் கடன். ஆசைக்கு இசைத்தட்டாகவும் அடித்துவிட்டான். தட்டு அடிக்க முதலில் அச்சு எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் போட்டால் அந்தச் செலவு தெரியாது. நூறு போடுகிறவனுக்குத் தட்டுக்குத் தட்டு வலிக்கும்.

சேதி பரவியதும் சென்னையிலிருந்து ஒரு ஃபோன். "ப்ரோ, நான் மியூசிக் ஜர்னலிஸ்ட். ரிவ்யூவுக்கு ரெண்டு காப்பி அனுப்பிடுங்க."

எந்தப் பத்திரிகை? "ஃப்ரீலான்ஸ் ப்ரோ." எப்போது வரும்? "எடிட்டர்கிட்ட இனிமேதான் பேசணும்." சரி, ரெண்டு எதுக்கு? "ஒண்ணு கேக்க, ஒண்ணு கலெக்‌ஷனுக்கு."

விமர்சகருக்கு ஓசிப் பிரதி தருவது புதுசில்லை. பெரிய கம்பெனிகள் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்தி எவ்வளவோ அனுப்பியிருக்கின்றன. அவர்களுக்கு அது விளம்பரக் கணக்கு. இவனுக்கு வீட்டுக் கணக்கு. பாட்டைக் கேட்க லிங்க் போதும், அதை முதல் நாளே அனுப்பியாயிற்று. கேட்டுப் பார்த்து, எழுதப் போகும் இடத்தையும் சொல்லி, அப்புறம் தட்டு கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? நம்ம ஊர் மாங்காய் மண்டியில் ருசி பார்க்க ஒரு கீற்று அறுத்துத் தருவார்கள். இவர் பெட்டியோடு கேட்கிறார், அதுவும் வாசலில் இறக்கச் சொல்லி.

நண்பனுக்கு வாயில் 'முடியாது' வராது. ஒரு தட்டு அனுப்புவதென்று முடிவானது. பேக்கிங் என் தலையில். தட்டை அட்டை உறைக்குள்ளேயே விட்டால் வழியில் ஆடி ஆடி ஓரத்தைக் கிழித்துவிடும். அதனால் வெளியே எடுத்து உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து, மூலைக்கு மூலை டேப் ஒட்டினேன். கூரியர் காசும் நாங்கள்தான்.

கொஞ்ச நாள் கழித்து வாட்ஸப்பில் ஒரு படம். சுவரில் ஆணியடித்து எங்கள் தட்டு தொங்குகிறது. கீழே, "செம லுக் ப்ரோ! பிளேயர் இன்னும் வாங்கல. கேக்கறதுக்கு லிங்க் எதாச்சும் இருந்தா அனுப்புங்க."

நண்பனுடைய அம்மா எட்டிப் பார்த்தார். "பம்பைதானே கேக்கணும்? மாரியம்மன் பண்டிகைக்கு வரச் சொல்லு கண்ணு. சும்மாவே கேக்கலாம், சோறும் போடறோம்."

அதை அப்படியே அனுப்பினான். உடனே பதில் வந்தது.

"கண்டிப்பா வரேன் ப்ரோ. பஸ் டிக்கெட் மட்டும் போட்டுடறீங்களா?"