துவரங்காய் வந்தாச்சு: சூரமங்கலத்துச் சமையல் நாட்குறிப்பு

ஜனவரி 4, சனி

காலை ஐந்தரைக்கெல்லாம் உழவர் சந்தை. பனி இன்னும் விலகவில்லை. உள்ளே நுழைந்ததுமே பச்சைத் துவரங்காய்தான் கண்ணில் பட்டது. சாக்குச் சாக்காகக் கொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே மொச்சை, பட்டை அவரை, மண் காயாத சர்க்கரைவள்ளி. மார்கழி கடைசிக்கு இதைவிட நல்ல சந்தை கிடையாது.

மாமாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து நான் பட்டியல் எழுதிக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை. அன்றைக்கு எது குவிந்து கிடக்கிறதோ அதுதான் சமையல். எது அதிகம் விளைகிறதோ அதுதான் விலை குறைவு, அதுதான் புதுசு. முதல் நாள் சாயங்காலம் பறித்த காய் மறுநாள் மதியம் தட்டில் இருக்கிறது. பருவம் இல்லாத காயைத் தேடிப்போய் வாங்கினால் காசும் போகிறது, ருசியும் இல்லை.

துவரங்காய் எடைபோட்ட அம்மா, "கண்ணு, கறுத்த கோடு போட்ட காயாப் பார்த்து எடு, அதுலதான் பருப்பு முத்தியிருக்கும்" என்றார். அந்தச் சந்தையில் விளைவித்தவர்களே விற்பதால் இந்த மாதிரிப் பேச்சும் கூடவே கிடைக்கிறது. உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை என்று பல இடங்களில் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதிவிடுவதால் பேரம் பேசி நேரம் போவதில்லை.

மதியம் துவரைக் குழம்பு. உரிக்கத்தான் நேரம் பிடிக்கும். தோல் லேசாகப் பிசுபிசுக்கும், விரல் நுனியில் பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும். மாமாவிடமே முறத்தைக் கொடுத்துவிட்டேன். செய்தித்தாள் படித்துக்கொண்டே பாதிக்கு மேல் உரித்துத் தந்தார். சின்ன வெங்காயம், கொத்தமல்லி விதை, வரமிளகாய் வதக்கி, கொஞ்சம் தேங்காய் சேர்த்து அரைத்து ஊற்றினால் போதும். எண்ணெய் அதிகம் கேட்காத குழம்பு.

ஜனவரி 5, ஞாயிறு

மீந்த குழம்புக்கு அத்தை களி கிண்டினார். இந்த வீட்டில் களி அத்தை கைப்பக்குவம். முதலில் நொய்யைக் குழைய வேகவிட்டு, மேலே கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் ஒரு குழி போட்டு, மூடி, சிறுதீயில் விட்டுவிடுகிறார். குழி வழியாகத் தண்ணீர் பொங்கி மாவு முழுக்க வெந்த பிறகுதான் கிண்டல். கையை நனைத்துத் தொட்டுப் பார்ப்பார். ஒட்டவில்லை என்றால் இறக்கலாம்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். அத்தையின் மூட்டுவலி வயதுக்கு இது முக்கியம். ஆனால் "ராகிதானே, சர்க்கரை ஏறாது" என்று மாமா இரண்டு உருண்டை கேட்கும்போது நான் விடுவதில்லை. ராகியும் மாவுச்சத்துதான். அதிலும் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரமே ஏறிவிடும். ஒரு உருண்டை, அதற்கு இரண்டு பங்கு குழம்பும் கீரையும். அதுதான் கணக்கு.

ஜனவரி 8, புதன்

ஆபீசில் ஆடிட். காலையில் செய்த அரிசிம்பருப்புச் சாதம்தான் இரவுக்கும். சிறுகீரைப் பொரியல் தொட்டுக்கொள்ள. அவ்வளவுதான்.

ஜனவரி 11, சனி

நாத்தனார் வீட்டுக்கு ஏற்காடு போய் வந்தோம். மலையெங்கும் காபிப் பழம் பறிப்பு நடக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சரம் சரமாகக் காய்த்திருக்கிறது. பச்சை மிளகு ஒரு பை வாங்கினேன். காம்போடு கழுவி, நன்றாக உலர்த்தி, உப்பும் எலுமிச்சைச் சாறும் ஊற்றி ஜாடியில் போட்டாயிற்று. தயிர்சாதத்துக்கு இரண்டு சரம் போதும், எண்ணெய் ஊறுகாய் வேண்டாம். உப்பு மட்டும் அளவோடு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

மலை ஆரஞ்சு பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும், பார்க்க அழகில்லை. உரித்தால் வாசனை கார் முழுக்க நிற்கிறது. ஜூஸ் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சுளையாகத் தின்றால் நாரும் உள்ளே போகும், ஒரு பழத்தோடு நிறுத்தவும் முடியும்.

மலையில் விளைந்த சாமையும் கிடைத்தது. தவிடு முழுக்கப் போகாத, பழுப்பு நிறச் சாமை. வெள்ளை வெளேரென்று தீட்டிப் பாக்கெட்டில் வருவதைவிட இது வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். சிறுதானியம் சாப்பிடுவதே அந்த நாருக்காகத்தான். அதைத் தீட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை அதிக விலைக்கு வாங்குவதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

வழியில் மாமா, "சாயங்காலம் ஜவ்வரிசி உப்புமா பண்ணலாமா?" என்றார். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். இருந்தாலும் அது மரவள்ளிக் கிழங்கின் வெறும் மாவுச்சத்து. "பிள்ளைங்களுக்குப் பண்றேன் மாமா, உங்களுக்குச் சுண்டல்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து தட்டைப்பயறுச் சுண்டலில் மாங்காய் துருவிப் போட்டுத் தந்ததும் சரியாகிவிட்டார்.

ஜனவரி 13, திங்கள்

போகி. சந்தையில் நிற்க இடமில்லை. பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, கத்தரி, வாழைக்காய், துவரை எல்லாம் வாங்கியாயிற்று. நாளைக்குப் பொங்கலோடு எல்லாக் காயும் சேர்த்துக் கூட்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் தட்டில் பாதி காய், கீரை, கிழங்கு, பழம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொங்கல் கூட்டைச் சோற்றுக்குச் சமமாகப் போட்டுக்கொண்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. நம் வீடுகளில் அதைக் கரண்டி நுனியில் வைப்பதுதான் வருத்தம்.

மாமாவிடம் பேசி முடித்துவிட்டேன். முதலில் கூட்டும் வெண்பொங்கலும், கடைசியில் சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன். வெல்லம்தானே என்று கூடுதலாகக் கேட்கக் கூடாது. வெல்லமும் சர்க்கரைதான் என்பதை இந்த முறை அவரே அத்தைக்கு எடுத்துச் சொன்னார். மொச்சையை இப்போதே உரித்து வைக்க வேண்டும். முறம் அவரிடம்தான் இருக்கிறது.