பேட்டரிக்கு இணைப்பு ஒப்புதல் வாங்கிய அனுபவம்

எங்கள் குடியிருப்பின் கூரையில் 80 கிலோவாட் சூரிய மின்தகடுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றுடன் 50 கிலோவாட் பேட்டரி ஒன்றைச் சேர்க்கலாம் என்று சங்கம் முடிவெடுத்தபோது விண்ணப்பப் பொறுப்பு என்னிடம் வந்தது. கருவி வாங்குவதில் சிக்கல் ஏதும் வரவில்லை. மின் பகிர்மான நிறுவனத்தின் இணைப்பு ஒப்புதல்தான் மாதக்கணக்கில் இழுத்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், எது தடுத்தது, எது வழிவிட்டது என்பதை எழுதுகிறேன்.

முதல் தடை விண்ணப்பப் படிவத்திலேயே இருந்தது. நீங்கள் மின் உற்பத்தியாளரா, நுகர்வோரா என்று படிவம் கேட்டது. பேட்டரி ஒரு வேளை மின்சாரத்தை இழுக்கிறது, இன்னொரு வேளை தருகிறது. இந்தக் குழப்பம் பல நாடுகளில் இருந்தது. மின்சேமிப்பு என்பது உற்பத்தியின் தனி வகை என்று பிரிட்டன் சட்டத்தில் எழுதியதே 2023-இல்தான். எங்கள் விண்ணப்பத்தை இரண்டு தலைப்புகளிலும் பதிந்துகொண்டார்கள். விளைவு, இரண்டு ஆய்வுகள்.

ஆய்வறிக்கையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. நண்பகலில் மின்தகடுகளும் பேட்டரியும் சேர்ந்து 130 கிலோவாட்டை வெளியே தள்ளும் என்று ஒரு கணக்கு. மாலை உச்ச நேரத்தில், ஊரே மின்சாரம் இழுக்கும்போது, பேட்டரியும் 50 கிலோவாட் இழுக்கும் என்று இன்னொரு கணக்கு. இரண்டையும் தாங்க டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வேண்டும், செலவு எங்களுடையது. ஆனால் நண்பகல் வெயிலைச் சேமித்து மாலையில் தருவதற்காகவே பேட்டரி வாங்குகிறோம். அது செய்யவே செய்யாத இரண்டு காரியங்களுக்காக எங்களிடம் பணம் கேட்டார்கள்.

ஆய்வுப் பிரிவுப் பொறியாளரை நேரில் பார்த்தேன். பொறுமையாக விளக்கினார். "உங்கள் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. நாளைக்குக் கட்டண முறை மாறினால் உங்கள் லாபக் கணக்கும் மாறும். மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் பேட்டரி நேர்மாறாக இயங்கும். அன்றைக்கு டிரான்ஸ்ஃபார்மர் சூடேறினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்." இதில் நியாயம் இருந்தது. எங்கள் நோக்கத்தைச் சொல்லி வாதாடுவதை அங்கேயே நிறுத்தினேன். எங்களையே கட்டுப்படுத்தும் ஏற்பாடு ஒன்றை முன்வைத்தால்தான் வேலை நடக்கும் என்று புரிந்தது.

அமெரிக்காவின் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஜூலையில் பிறப்பித்த 2023-ஆம் எண் ஆணை இங்கே கைகொடுத்தது. சேமிப்பு நிலையம் எப்போது மின்னேற்றம் செய்யும் என்று விண்ணப்பதாரர் சொல்கிறாரோ, அதையே அடிப்படையாக வைத்து ஆய்வு செய்யக் கோரலாம் என்கிறது அது. சொன்னபடி நடக்கக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கச் சொல்லவும் இடம் தருகிறது. நீண்டதூர மின்கடத்தல் வலையில் இணையும் நிலையங்களுக்கான ஆணை அது, எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அது போதுமான சான்று. அதை இணைத்து, இயக்க அட்டவணை ஒன்றை எழுதிக் கொடுத்தோம்: எந்த மணியில் மின்னேற்றம், எப்போது வெளியீடு, இணைப்புப் புள்ளியில் எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத வரம்பு எவ்வளவு, கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் பேட்டரி தானே நின்றுவிடும் என்ற உறுதி. அட்டவணையை மாற்ற வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் நாங்களே எழுதினோம். அந்த வரிதான் பொறியாளரின் கவலையைத் தீர்த்தது என்று நினைக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றும் நிபந்தனை விலகியது.

அடுத்தது, பேட்டரியின் நேர்மின்சாரத்தை வெளிக்கம்பிக்கு ஏற்ற மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் அமைப்புகள் (செட்டிங்ஸ்). விற்பனையாளர் பழைய அமைப்புகளோடு அனுப்பியிருந்தார். மின்னழுத்தம் சற்றே தாழ்ந்தாலும் கருவி விலகிக்கொள்ளும். அதுதான் பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். ஒரு காலத்தில் அது விதியாகவே இருந்தது. ஜெர்மனியில் மின்சாரத்தின் அதிர்வெண் வழக்கமான 50 ஹெர்ட்ஸிலிருந்து 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் சூரிய இன்வெர்ட்டர்கள் விலக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மின்தகடுகள் பெருகியபின், அத்தனையும் ஒரே கணத்தில் விலகினால் ஐரோப்பா தயாராக வைத்திருக்கும் 3,000 மெகாவாட் உடனடி இருப்பால் ஈடுகட்ட முடியாது என்பது தெரிந்தது. 2012-இல் ஆணை போட்டு, ஏற்கெனவே பொருத்திய நிலையங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. 2016 ஆகஸ்டில் தெற்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்பாதையில் பழுது ஏற்பட்டபோது, சுமார் 1,200 மெகாவாட் சூரிய மின்சாரம் நொடியில் காணாமல் போனது. பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணைத் தவறாகக் கணித்து விலகியிருந்தன. இத்தகைய கருவிகளை மின்வலையில் இணைப்பதற்காக, ஐ.ஈ.ஈ.ஈ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பு வகுத்த 1547 தரநிலையின் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு மின்னழுத்தத்தைச் சீராக்கும் வேலையில் இறங்காதே என்றது. 2018-ஆம் ஆண்டுப் பதிப்பு சிறு தடுமாற்றங்களில் தாக்குப்பிடி, மின்னழுத்தத்துக்குத் துணை நில் என்கிறது. இந்தப் பின்னணி தெரிந்தபின், அமைப்புகளை வரிவரியாகக் கேட்டவர்கள்மீது எனக்கு மரியாதை கூடியது. விற்பனையாளரின் வாய்மொழியை நம்பாமல், கருவியிலிருந்தே அமைப்புகளை அச்செடுத்துக் கொடுங்கள்.

இறுதிச் சோதனை நாள் எனக்குப் பிடித்திருந்தது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார் அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். வெளியேறும் மின்சாரம் வரம்பை ஒரு கணம் தாண்டி, சில வினாடிகளில் உள்ளே அடங்கியது. பிறகு மீட்டருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடையிலான கம்பியைப் பொறியாளரே பிடுங்கினார். பேட்டரி நின்றது. வெளி மின்சாரத்தைத் துண்டித்தபோது, எங்கள் பக்கத்திலிருந்து கம்பியில் எதுவும் பாயவில்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் இந்தச் சோதனையில் யாருக்கும் சலுகை கேட்க வாய் வராது.

கட்டண விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. மின்வலையிலிருந்து மின்னேற்றம் செய்யும்போது ஒரு முறையும், அதே மின்சாரத்தைத் திருப்பித் தரும்போது மறுமுறையும் எங்களிடம் வலைக்கட்டணம், அதாவது மின்வலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், வாங்குகிறார்கள். வலைக்கு உதவும் சேவையாகத் தருகிற சேமித்த மின்சாரத்துக்கு, அப்படி இருமுறை வசூலிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/944 எண் நெறியாணை, சொந்தச் சேமிப்பு வைத்திருக்கும் நுகர்வோருக்காகச் சொல்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி எங்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். மணிவாரியான மீட்டர் பதிவுகளையும் சேர்த்திருக்கிறோம். மாலை உச்ச நேரத்தில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் சுமை குறைந்திருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.