ராணி மேவின் காளையும் ராஸ்காமன் புல்வெளியும்

அயர்லாந்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ராஸ்காமன் மாவட்டத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே கடல் கிடையாது. பெயர் சொல்லிக்கொள்ள ஒரு மலை கிடையாது. டூரிஸ்ட் பஸ் எல்லாம் மோஹர் பாறைகளுக்கும் கால்வேக்கும் நேராகப் போய்விடும். டப்ளினில் தங்கை வீட்டில் இருந்தபோது ராஸ்காமன் போகவேண்டும் என்று நான் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"அங்க என்ன இருக்கு மச்சான்? மாடும் புல்லும்தான் இருக்கு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் போக ஆசைப்பட்டதும் அந்த மாடுகளுக்காகத்தான். அயர்லாந்தின் மிகப் பெரிய பழங்கதை ஒரு காளைக்காக நடந்த சண்டை. அந்தச் சண்டை மூண்ட இடமும் முடிந்த இடமும் ராஸ்காமனில்தான் இருக்கின்றன.

இடத்தின் பெயர் ராத்குரோகன். பழைய பெயர் குருவாகன். கொனாக்ட் நாட்டு அரசர்களின் தலைநகரம். டல்ஸ்க் என்ற சின்ன ஊரில் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கிருந்து வழிகாட்டி ஒருவர் கூட வருவார். தலைநகரம் என்றதும் கோட்டை, கொத்தளம் என்று கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். கண்ணுக்குத் தெரிவது புல் மூடிய ஒரு மேடு. குறுக்களவு கிட்டத்தட்ட 90 மீட்டர், உயரம் 6 மீட்டர் இருக்கலாம். மேலே ஏறி நின்றால் நாலு திசையிலும் பச்சை, வேலி, மாடு, மறுபடி பச்சை. ஆனால் இந்த மேட்டைச் சுற்றி ஆறேழு சதுர கிலோமீட்டருக்குள் 240-க்கும் மேற்பட்ட தொல்லியல் இடங்கள் கிடக்கின்றன: கற்காலப் புதைமேடுகள், வட்ட அரண்கள், நடுகற்கள், இடைக்கால வயல் வரப்புகள்.

மேட்டை இதுவரை யாரும் தோண்டவில்லை. 1990-களில் கால்வே பல்கலைக்கழகத்தார் மண்ணைத் தொடாமலே கருவிகளால் ஆராய்ந்தபோது, மேட்டைச் சுற்றி 360 மீட்டர் குறுக்களவில் ஒரு பெரிய அகழி வட்டமும் மேட்டுக்குள் மரக்கட்டுமானங்களின் தடங்களும் தெரியவந்தன. எனக்கு இந்த நிதானம் பிடித்திருந்தது. தோண்டிக் கொட்டி, டிக்கெட் கவுன்ட்டர் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

இனி கதை. கொனாக்ட் ராணி மேவும் அவள் கணவன் அலிலும் படுக்கையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "என்னைக் கட்டிக்கிட்ட பிறகு உன் நிலைமை ரொம்பத் தேவலை" என்கிற தொனியில் அலில் எதையோ சொல்லிவைக்கிறான். மேவ் விடுவாளா? அயர்லாந்துப் பேரரசனின் மகள் அவள். கஞ்சத்தனம், பொறாமை, பயம் மூன்றும் இல்லாதவன்தான் எனக்குக் கணவனாக வரவேண்டும் என்று நிபந்தனை போட்டு மாப்பிள்ளை தேடியவள். சரி, யாருடைய சொத்து அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவாகிறது. வாளி, தொட்டி, இரும்புச் சட்டி என்று ஆரம்பித்து, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி வரை எல்லாம் வெளியே வருகின்றன. ஒன்றுக்கு ஒன்று சமம். மாட்டுக் கணக்கில்தான் இடிக்கிறது. அலிலின் மந்தையில் வெண்கொம்பன் என்றொரு காளை. அது பிறந்தது மேவின் மந்தையில். பெண்ணுக்குச் சொந்தமாக இருப்பது கேவலம் என்று அதுவாகவே அலிலின் மந்தைக்குப் போய்விட்டதாம்!

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது வெறும் படுக்கையறைச் சச்சரவு இல்லை. பழைய ஐரிஷ் சட்டத்தில் கணவன் மனைவியில் யார் எவ்வளவு சொத்து கொண்டுவந்தார்கள் என்பதை வைத்துத்தான் வீட்டில் யார் சொல் செல்லும் என்பது முடிவாகும். இதற்கென்றே 1,300 வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட திருமணச் சட்ட நூல் இருக்கிறது. அபராதம், நஷ்டஈடு, ஒரு மனிதனின் மானத்துக்கான விலை எல்லாவற்றுக்கும் கறவை மாடுதான் அளவுகோல். ஒரு காளை குறைந்தால் மேவ் அலிலுக்கு ஒரு படி கீழே. அவளுடைய கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது.

வெண்கொம்பனுக்கு ஈடான காளை கிழக்குக் கடலோரம் அல்ஸ்டர் நாட்டில் கூலி என்ற தீபகற்பத்தில் இருக்கிறது. கரும்பழுப்பு நிறம். ஒரு வருடத்துக்கு இரவல் கொடுத்தால் போதும். பதிலுக்கு ஐம்பது கிடாரி, ஒரு தேர், இதே ராத்குரோகன் சமவெளியில் நிலம், போதாததற்குத் தன்னுடைய படுக்கையிலும் இடம் தருவதாக மேவ் ஆள் அனுப்புகிறாள். காளைக்காரன் சம்மதித்துவிட்டான். அன்று ராத்திரி நன்றாகக் குடித்த தூதர்களில் ஒருவன், "கொடுக்காவிட்டால் பிடுங்கியிருப்போம்" என்று உளறிவைக்க, பேச்சு முறிந்தது. வெட்சிப் பூ சூடாத குறை, படை கிளம்பிவிட்டது. அல்ஸ்டர் வீரர்கள் எல்லாம் ஒரு சாபத்தால் பிரசவ வலியில் சுருண்டு கிடக்க, கூஹுலன் என்ற பதினேழு வயதுப் பையன் ஒற்றை ஆளாக ஆற்றுத்துறைகளில் நின்று தடுக்கிறான். அதைப் பற்றி எழுதாத ஐரிஷ்காரர் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

கடைசியில் காளை ராத்குரோகனுக்கு வந்தே சேர்கிறது. வந்ததும் இரண்டு காளைகளும் மோதிக்கொள்கின்றன. மோதிய இடம் என்று ராத்னதார்வ் என்ற வட்ட அரணைக் காட்டுகிறார்கள். மேட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். மரங்கள் சூழ்ந்த பெரிய வட்டம்; நாங்கள் போனபோது உள்ளே சில பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கூலிக் காளை வெண்கொம்பனைக் கிழித்துக் கொம்பில் சுமந்துகொண்டு கிழக்கே ஓடியது. அதன் இடுப்புச் சதை விழுந்த ஆற்றுத்துறைதான் இன்றைய அத்லோன் நகரம். ஊர் போய்ச் சேர்ந்த கூலிக் காளையும் நெஞ்சு வெடித்துச் செத்தது. இத்தனை பேர் செத்த பிறகு மேவுக்கும் காளை இல்லை, அலிலுக்கும் இல்லை. கணக்கு மறுபடி சமம். இதை எழுதிவைத்த 12-ம் நூற்றாண்டுத் துறவி, இந்தக் கதையில் பலவற்றை நான் நம்பவில்லை என்று லத்தீனில் முடிவில் ஒரு குறிப்பையும் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

மேவின் முடிவும் மாட்டை ஒட்டியதே. ரீ ஏரித் தீவில் குளித்துக்கொண்டிருந்தவளை, பழி தீர்க்கக் காத்திருந்த ஒருவன் கவணில் கெட்டிப் பாலாடைக்கட்டியை வைத்து அடித்துக் கொன்றான். "சீஸா?" என்று மாப்பிள்ளை கேட்டார். சீஸ்தான், என்றார் வழிகாட்டி, சிரிக்காமல்.

அடுத்து ஓவென்னகட், பூனைகளின் குகை. ஒரு விவசாயியின் வயலோரத்தில், முள்மரத்தின் அடியில், நரி வளை மாதிரி ஒரு ஓட்டை. ஒரு வளர்ந்த ஆள் நின்றபடி நுழைய முடியாது. காலை முதலில் நீட்டி, உட்கார்ந்து, சறுக்கிக்கொண்டே உள்ளே இறங்கவேண்டும். நுழைந்ததும் தலைக்கு மேல் இருக்கும் உத்தரக்கல்லில் டார்ச் அடித்துக் காட்டினார் வழிகாட்டி. கல்லின் விளிம்பில் வரிசையாக வெட்டுக்கோடுகள். ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து. ஆயிரத்தைந்நூறு வருடப் பழமை இருக்கும். "மேவின் மகன் ஃப்ராய்க்" என்று அதைப் படிக்கிறார்கள். கதையில் வரும் ராணியின் பெயர், கல்லில்! அந்தப் பெயர் அதே ராணியைத்தான் குறிக்கிறது என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனாலும் சேற்றில் மண்டியிட்டபடி விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்க்கும்போது ஆராய்ச்சியெல்லாம் நினைவுக்கு வருவதில்லை.

கல் அடுக்கிக் கட்டிய சிறு பாதை முடிந்ததும் இயற்கையான சுண்ணாம்புப் பாறைப் பிளவு தொடங்குகிறது. அங்கே நிமிர்ந்து நிற்கலாம். சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும், சுவரெல்லாம் நீர் கசியும். பழைய கிறிஸ்தவ எழுத்தாளர்கள் இதை அயர்லாந்தின் நரக வாசல் என்றார்கள். இங்கிருந்துதான் மூன்று தலைப் பிராணி வந்து நாட்டை அழித்தது. மூச்சுக்காற்றால் பயிரைக் கருக்கும் சிவப்புப் பறவைகள் வந்தன. போர்த் தேவதை மாரிகன் இங்கேதான் குடியிருந்தாள்.

இவை வெளியே வரும் நாள் சௌவின், அக்டோபர் 31 இரவு. ஹாலோவீனின் மூலம் இதுதான். அன்றோடு கோடை முடிகிறது. மேட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிப்போன மாடுகளைத் திரும்ப ஓட்டிவந்து, குளிர்காலத்துக்குத் தீனி போதாதவற்றை வெட்டும் காலம். அந்த இரவில் நடந்ததாக ஒரு கதை உண்டு. தூக்கில் தொங்கும் பிணத்தின் காலில் வளையம் மாட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்று அலில் அறிவிக்க, நெரா என்பவன் போகிறான். பிணம் தாகம் என்கிறது. அதை முதுகில் சுமந்து வீடு வீடாக அலைந்து தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அரண்மனை எரிந்து கிடக்கிறது, ஒரு படை குகைக்குள் போகிறது. பின்னாலேயே இவனும் நுழைகிறான். உள்ளே ஒரு பெண்ணை மணந்து வாழ்கிறான். நீ பார்த்தது அடுத்த சௌவினில் நடக்கப்போவது, போய் எச்சரி என்று அவள் அனுப்புகிறாள். அத்தாட்சிக்குக் காட்டுப்பூண்டு, மஞ்சள் பிரிம்ரோஸ், பொன்னிறப் பெரணி என்று கோடையின் செடிகளோடு வெளியே வருகிறான். அரண்மனையில் அதே இரவு. அடுப்பில் வைத்த கொப்பரையைச் சுற்றி அதே ஆட்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டல்ஸ்க்கிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் ஸ்ட்ரோக்ஸ்டவுன். ஊருக்குச் சம்பந்தமே இல்லாத அகலத்தில் ஒரு தெரு, அதன் முடிவில் மஹோன் என்ற நிலப்பிரபுக் குடும்பத்தின் மாளிகை. சமையலறைக்கு மேலே ஒரு மரப் பால்கனி ஓடுகிறது. வீட்டு எஜமானி கீழே இறங்காமல் அங்கிருந்தே வாரத்துக்கான சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். வேலைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்று போய்வரச் சுரங்கப்பாதை வேறு.

இந்த மாளிகையின் லாயத்தில்தான் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் எஸ்டேட்டை வாங்கிய உள்ளூர் வண்டி வியாபாரி ஜிம் காலரி, பழைய அலுவலக அறையில் கிடந்த காகிதங்களைப் புரட்டியபோது ஒரு மனு கையில் பட்டது. 1846-ல் குளூனஹீ என்ற இடத்துக் குடியானவர்கள் எழுதியது: குழந்தைகள் பசியில் அழுகின்றன, வேலை கொடுங்கள், சட்டத்தை மீற எங்களுக்கு விருப்பமில்லை, பசி தள்ளினால் ஒழிய. அதைப் படித்த பிறகு காகிதங்களை எரிக்க அவருக்கு மனம் வரவில்லை. 1994-ல் அருங்காட்சியகம் திறந்தது.

1845-ல் உருளைக்கிழங்கில் பூஞ்சைபோன்ற நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைத் தவிர வேறு சோறு இல்லை. தானியமும் வெண்ணெயும் மாடும் துறைமுகம் வழியாக ஏற்றுமதி ஆகிக்கொண்டேதான் இருந்தன. ஏழை விடுதியில் ஒரு வருடம் வைத்துச் சாப்பாடு போடுவதைவிடக் கப்பல் டிக்கெட் மலிவு என்று எஸ்டேட் நிர்வாகி கணக்குப் போட்டார். 1847-ல் 1,490 பேரை டெனிஸ் மஹோன் கனடாவுக்கு அனுப்பினார். கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடை, அங்கிருந்து லிவர்பூல், பிறகு கப்பல். அவற்றில் ஒன்றான விர்ஜீனியஸில் ஏறிய 476 பேரில் 158 பேர் கடலிலேயே செத்தார்கள். அந்த நவம்பரில் மஹோனை யாரோ சுட்டுக் கொன்றார்கள். 165 கிலோமீட்டர் நடந்த அந்தப் பாதையில் இப்போது வழிநெடுக வெண்கலத்தில் குழந்தைகளின் காலணிகள் வைத்திருக்கிறார்கள்.

1841-ல் ராஸ்காமனில் 2,53,000 பேர். பத்தே வருடத்தில் 1,73,000. வேறெந்த மாவட்டத்திலும் விகிதக் கணக்கில் இவ்வளவு சரிவு இல்லை. இன்றைக்கு 70,000 பேர்தான். ஆள் வெளியேறிய குடிசைகளை இடித்து, சிறு வயல்களைச் சேர்த்து, மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலாக்கினார்கள். ராத்குரோகன் மேட்டின் மேல் நின்று, எவ்வளவு அழகான பச்சை என்று பார்த்தேனே, அதில் ஒரு பங்கு இப்படி வந்தது.

அருங்காட்சியகத்தில் சென்னைக்காரர்கள் கவனிக்கவேண்டிய பெயர் ஒன்று உண்டு: சார்ல்ஸ் ட்ரெவெலியன். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்தின் நிவாரணப் பணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி. சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று நம்பியவர். பஞ்சம் கடவுள் தந்த பாடம் என்றவர். அயர்லாந்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறுகிறது. 1859-ல் அவர் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவருடைய ஏற்பாடு. வருமான வரியை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியதால் மறு வருடமே திருப்பி அழைக்கப்பட்டார். சென்னைச் சரித்திரத்தில் பூங்கா போட்ட நல்லவர்!

போகிறவர்களுக்கு: குகை தனியார் நிலத்தில் இருக்கிறது, டல்ஸ்க் மையத்தில் சொல்லி வழிகாட்டியோடு போவதே முறை. பழைய பேன்ட், ரப்பர் பூட்ஸ், டார்ச் அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியில் நின்று ஓகம் கல்லை போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். அக்டோபர் கடைசியில் கூட்டம் அதிகம், முன்பதிவு செய்துவிடுங்கள். டப்ளினிலிருந்து லாங்ஃபோர்டு வரை ரயில் உண்டு, அதற்கு மேல் கார் இல்லாமல் சிரமம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதானால் காலையில் ராத்குரோகன், மதியம் ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றினால் மேவின் சீஸ் சாவுக்குச் சிரிக்கத் தோன்றாது.