பந்தத்துக்கு ஆறு கட்டம்

ஜூன் 7

நாலு பேரும் சரி சொல்லிவிட்டார்கள், ஆட்டத்தை நடத்துவது நான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு, 1981 பேசிக் பதிப்பு. டாம் மோல்ட்வே தொகுத்தது, 64 பக்கம்தான். கதாபாத்திரங்கள் ஏறும் படிகளில் முதல் மூன்று லெவலுக்கு அதுவே போதும்.

இன்று கேரக்டர் போட்டோம், அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரம் உருவாக்கினோம். வலிமை, வசீகரம் போன்ற ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று பகடை உருட்டி, விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும். போர்வீரன் ஆட ஆசைப்பட்டவருக்கு வலிமை 8, வசீகரம் 16! முகம் வாடிவிட்டது. இருந்தாலும் போர்வீரன்தான் என்று நின்றார். மந்திரவாதிக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 3. 1 அல்லது 2 விழுந்திருந்தால் மறுபடி உருட்ட விடலாம் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. 3 விழுந்ததால் அதற்கும் வழியில்லை.

ஜூன் 14

இந்தப் பதிப்பின் உயிர் நேரக் கணக்கில் இருக்கிறது. நிலவறைக்குள் ஒரு டர்ன் என்றால் பத்து நிமிடம். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன் எரியும். தாளில் ஆறு கட்டம் வரைந்து, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஒரு பகடை. 1 விழுந்தால் ஏதோ ஒன்று தேடி வரும். நாலாவது கட்டத்தை அடித்ததும் பேச்சே மெதுவாகிவிட்டது.

திருடன் பொறியைக் கண்டுபிடிக்க முதல் லெவலில் 10 சதவீதம்தான் வாய்ப்பு. அதனால் அவர் பகடையைத் தொடவே இல்லை. "தோல்பையில இருக்கிற தண்ணியைத் தரையில ஊத்துறேன், எங்க இறங்குதுன்னு பார்க்கிறேன்" என்றார். மூன்றாவது கல்லின் விளிம்பில் தண்ணீர் உள்ளே போனது. பொறி அங்கேதான். எந்தப் பகடையும் கேட்காமல் அப்படியே கொடுத்தேன்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன். ராட்சத எலி ஒன்று மந்திரவாதியைக் கடித்தது. பகடை யாருக்கும் தெரியாமல் இருக்க நான் வைத்திருந்த மறைப்பு அட்டைக்குப் பின்னால் இருபது பக்கப் பகடையை உருட்டினேன்: 15, பட்டுவிட்டது. சேதம் 3. சரியாக அவருடைய உயிர். "தப்பிடுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 15

அந்தப் பொய் உறுத்துகிறது. தண்ணீர் ஊற்றி உயிர் தப்பிய திருடனுக்கு அது செய்த துரோகம். நான் எப்படியும் காப்பாற்றுவேன் என்றால் அவர் எதற்கு அவ்வளவு யோசிக்க வேண்டும்? அடுத்த ஆட்டத்தில் மறைப்பு அட்டை கிடையாது.

ஜூன் 21

ஆறு கோப்ளின்கள், குட்டி அரக்கர்கள், வழிமறித்தன. உடனே சண்டை என்று இந்த விதிகள் சொல்வதில்லை. முதலில் இரண்டு பகடையை உருட்டி அவற்றின் மனநிலையைப் பார்க்க வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருட்டினேன்: 8. பேசியது போர்வீரன், வசீகரம் 16க்கு ஒன்று கூட்டி 9. தாக்கமாட்டா, பேரம் கேட்கும். ஒரு வாரத்துக்கான உணவைக் கொடுத்து வழி வாங்கினார். இரண்டு வாரம் முன்னால் அந்த 16ஐப் பார்த்து வாடிய அதே மனிதர்!

அடுத்த அறையில் எலும்புக்கூடுகள். அவை பேரம் பேசாது, பயந்தும் ஓடாது. மந்திரவாதி தன்னிடம் இருந்த ஒரே உறக்க மந்திரத்தைச் சொன்னார். இறந்தவற்றிடம் அது பலிக்காது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு எலும்புக்கூடு அவரைத் தாக்கியது. மேஜை நடுவில் பகடை உருண்டு 14இல் நின்றது, பட்டுவிட்டது. சேதம் 4. யாரும் பேசவில்லை. அவரே பென்சிலை எடுத்து 3ஐ அடித்துவிட்டு, "செத்துட்டேன்ல?" என்றார். ஆமாம் என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்தார்கள்.

பத்து நிமிடத்தில் புதுக் கேரக்டர் தயார். இந்தமுறை மதகுரு.

ஜூன் 28

அதே கதவு. முதல் லெவல் மதகுருவுக்கு மந்திரம் எதுவும் கிடையாது, ஆனால் இறந்தவற்றை விரட்ட முடியும். எலும்புக்கூட்டுக்கு 7 விழுந்தால் போதும். 9 விழுந்தது. மூலைக்குப் பின்வாங்கியவற்றை விட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். உள்ளே 640 பொற்காசு. வெளியே கொண்டுவந்த ஒரு காசுக்கு, லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி ஒன்று, தலைக்கு 160. எலும்புக்கூட்டை வெட்டியிருந்தால் ஒன்றுக்கு 10தான், அதையும் நாலாகப் பங்கு போட வேண்டும். கணக்கு புரிந்ததும் வாளைப் பற்றிய பேச்சு நின்று, காசுகளைச் சுமக்க எத்தனை சாக்கு வேண்டும் என்ற பேச்சு தொடங்கியது.

கிளம்பும்போது பார்த்தேன். திருடன் ஆடுகிறவர் தன் தாளின் ஓரத்தில் அவரே ஆறு கட்டம் வரைந்து வைத்திருந்தார்.